பெட்டியில் ‘3+’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: என் தங்கையின் மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது நிறைகிறது. பொம்மைகளும் உடைகளும் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. அதனால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஆடுவது மாதிரி பலகை விளையாட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறேன். ஆயிரம் ரூபாய் வரை செலவழிப்பேன். கடையில் ‘மூளை வளர்ச்சிக்கு நல்லது’ என்று சொல்லி, பத்து ஆட்டங்கள் அடங்கிய காந்தப் பலகை ஒன்றைக் காட்டினார்கள். பெட்டியில் ‘3+’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? அவளுக்கு ஒன்றேகால் வயதில் ஒரு தம்பியும் உண்டு.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தத் தம்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும். காந்தப் பலகை வேண்டாம். அக்காவுக்கு அது ஒத்துவருமா என்ற பேச்சுக்கே போகத் தேவையில்லை.

பயணத்துக்கென்று விற்கும் அந்த மடக்குப் பலகைகளில் லூடோ, பரமபதம், செஸ் எல்லாவற்றுக்கும் காய்கள் சுண்டைக்காய் அளவில்தான் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டுக் காந்தத்தை ஒட்டியிருப்பார்கள். விளையாட்டுப் பொருள்களை இரவல் கொடுக்கும் சிறு நூலகம் ஒன்றை நான் நடத்துகிறேன். அங்கே முன்பு இப்படிப்பட்ட பலகை ஒன்று இருந்தது. நான்காவது முறை இரவல் போய்த் திரும்பியபோது எட்டுக் காய்களின் அடி வெறுமையாக இருந்தது. கோந்து விட்டுப்போயிருந்தது. அன்று மாலை முழுவதும் நான்கு வீடுகளுக்கும் போன் செய்து, சோபா இடுக்கு, பாய்க்கு அடி என்று தேடவைத்தேன். ஆறு காந்தங்கள் கிடைத்தன. இரண்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு காந்தத்தை விழுங்கினால் மலத்தோடு வந்துவிட வாய்ப்புண்டு. இரண்டு போனால் குடலின் இரு மடிப்புகளில் நின்றுகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் அகப்பட்ட குடல் சுவர் ரத்த ஓட்டம் நின்று ஓட்டையாகும். வயிற்றுவலியும் வாந்தியும் வரும்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டுப் பாடுகிற, விளக்கு எரிகிற பலகைகளையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். அவற்றில் இருக்கும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே வெந்த புண்ணாக்கிவிடும்.

இனி அந்த ‘3+’. குழந்தையின் அறிவை அளந்து போட்ட எண் இது என்று பலரும் நினைக்கிறார்கள். கடைக்காரரும் அந்த நினைப்பைக் கலைப்பதில்லை. மூன்று வயது ஆகாத குழந்தைக்கான பொருளில் தொண்டையை அடைக்கும் சிறு பாகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. ‘மூன்று வயதுக்கு மேல்’ என்று அச்சடித்துவிட்டால் அந்தக் கெடுபிடி தளர்ந்து, ஓர் எச்சரிக்கை வாசகத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே பல பெட்டிகளில் ‘3+’ என்பதற்கு ‘உள்ளே பொடிப் பொடிச் சாமான் இருக்கிறது, ஜாக்கிரதை’ என்பதுதான் பொருள். பெட்டியின் பின்பக்கம் சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் ‘0-3’ என்ற எண்ணும் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆட்டம் புரியுமா என்பதற்கு இந்த எண் எந்த உத்தரவாதமும் தராது. செஸ் பெட்டியில்கூட ‘3+’ போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எது சிறு பாகம் என்பதை ஆய்வுக்கூடத்தில் ஓர் உருளையைக் கொண்டுதான் பார்க்கிறார்கள். அதன் வாயகலம் 31.7 மில்லிமீட்டர். 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். நாணயத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டிலேயே செய்துவிடலாம். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றிலிருந்து 10 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். நீளத்தை வளைத்து, இரு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டும்படி வைத்து டேப் ஒட்டுங்கள். ஏறக்குறைய அதே உருளை. மேசைமேல் நிறுத்தி, காய், பகடை, அட்டை என்று பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். நசுக்காமல், அழுத்தாமல் எந்தப் பக்கமாகப் போட்டாலும் சரி, முழுதாக உள்ளே மறைந்தால் அது தம்பி இருக்கும் வீட்டுக்கு ஆகாது. லூடோ பகடை ‘டொக்’கென்று உள்ளே விழும் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்தது ஐஎஸ்ஐ முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருளை இந்த முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்ற ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இறக்குமதிப் பொருளுக்கும் இதே விதிதான். நடைமுறையில் இருக்கிறது என்று காகிதம் சொல்கிறது. எந்தப் பேருந்து நிலையத்து நடைபாதையிலும் போய்ப் பாருங்கள், முத்திரை இல்லாத பெட்டிகள் மலைபோல் கிடக்கும். எப்போதாவது ஒருநாள் சோதனை, பறிமுதல், செய்தித்தாளில் படம். மறுவாரம் அதே இடத்தில் அதே மலை.

முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதை அச்சடிக்க எந்த அச்சகமும் போதும். முத்திரைக்கு மேலே ‘ஐஎஸ் 9873’ என்ற தர எண்ணும், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். போனில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியைத் திறந்து அந்த உரிம எண்ணைப் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்கானது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். ஒருமுறை நான் கடையில் நின்றபடியே போட்டுப் பார்த்தேன். பரமபதப் பெட்டியில் இருந்த எண் ஒரு பிரஷர் குக்கர் தயாரிப்பாளருடையது. கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார். இதையெல்லாம் சரிபார்க்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்க, பிறந்தநாள் பரிசு வாங்க வந்த பெரியம்மா போனும் கையுமாக நிற்க வேண்டியிருக்கிறது. ஐஎஸ்ஐ எண் இல்லையா, வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

‘கைவினைப் பொருளுக்கு ஐஎஸ்ஐ தேவையில்லை அம்மா’ என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உண்மையை வைத்து நடக்கும் வியாபாரம் இது. மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. புவிசார் குறியீடு பெற்ற விளையாட்டுப் பொருளை, அதற்கு உரிமை பெற்றவர் விற்றாலும் உண்டு. கர்நாடகத்தில் உள்ள சென்னபட்டணத்து மரச் சாமான்கள் அப்படிப்பட்டவை. வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியவை, நானும் விரும்பி வாங்குவேன். விலக்கு அந்தக் கைவினைஞருக்கு. எங்கோ இயந்திரத்தில் வெட்டிய மரப்பலகைக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து, ‘பாரம்பரியம்’ என்று சீட்டு ஒட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகருக்கு அல்ல. கைவினைஞர் என்றால் அவரிடம் அடையாள அட்டை இருக்கும். கேளுங்கள். உண்மையானவர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். மற்றவர் ‘ஏன் மேடம், நம்பிக்கை இல்லையா?’ என்பார்.

பல்லாங்குழி வாங்கலாம் என்ற யோசனை இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும். குழிக்குக் குழி எண்ணிப் போடுகிற அருமையான ஆட்டம், நான்கு வயதுக் கைக்கும் பொருத்தம். பலகையோடு துணிப்பையில் போட்டுக் கொடுக்கும் விதைகளைத்தான் பார்க்க வேண்டும். முழுச் சிவப்பாக இருந்தால் மஞ்சாடி. சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி. அழகாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது கடும் விஷம். முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றிவிடக்கூடும். கடித்தாலோ, மாலை கோக்கத் துளையிட்ட விதையாக இருந்தாலோ அந்தக் காப்பு இல்லை. குன்றிமணி போட்ட பல்லாங்குழியைப் பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரியிலேயே பார்த்திருக்கிறேன், விற்பவருக்குத் தெரியவில்லை. மஞ்சாடி, சோழி, புளியங்கொட்டை இவற்றில் அந்தக் கடும் விஷம் இல்லை என்றாலும் எல்லாமே நம் பத்திரிகை உருளைக்குள் விழுபவைதான். தம்பிக்கு மூன்று வயது தாண்டட்டும், பல்லாங்குழி எங்கும் போய்விடாது.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளே ஸ்கூல் ஆண்டு விழாக்களில் மேசை போட்டு, ‘வலது மூளை, இடது மூளை’ என்று படம் காட்டி, பல ஆயிரம் ரூபாய்க்கு ‘கிட்’ விற்பவர்கள். பிரித்தால் மெல்லிய அட்டையில் அச்சடித்த எழுத்துகளும் ஒரு பிளாஸ்டிக் பகடையும் இருக்கும். அப்படி ஒருவர் என்னிடமே வந்து, நூலகத்துக்கு வரும் பெற்றோரின் தொலைபேசி எண்களைக் கொடுத்தால் விற்பனையில் பங்கு தருவதாகச் சொன்னார். பள்ளிகள் இதற்கு இடம் கொடுக்கும்வரை இவர்கள் ஒழியமாட்டார்கள். மூளை வளர்ச்சி என்ற சொல் எந்தப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிறதோ அந்தப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினாலும் கவனம் வேண்டும். அங்கே ‘வயது’ என்ற கட்டத்தில் இருப்பதை நிரப்பியவர் பெரும்பாலும் விற்பவரேதான். பெட்டியின் பின்பக்கப் படம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? ஜோடி சேர்க்கும் பட அட்டைகள். உங்களுக்கு என் பதில் இதுதான். கவிழ்த்துப் பரப்பி, இரண்டு இரண்டாகத் திருப்பி, ஒரே படம் வந்தால் எடுத்துக்கொள்ளும் ஆட்டம். முதல் நாள் ஆறு ஜோடிகள் போதும். இரண்டு வாரத்தில் பன்னிரண்டு ஆக்கலாம். பெரியவர்கள் விட்டுக்கொடுக்காமலேயே நான்கு வயதுக் குழந்தை அவர்களை வெல்லக்கூடிய ஆட்டம் இது ஒன்றுதான் என்பேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், நீங்கள் அடுப்பில் பால் வைத்ததை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அட்டை உள்ளங்கை அகலமும் நல்ல தடிமனும் இருக்கட்டும், தம்பி வாயில் வைத்துச் சப்பினாலும் பிய்ந்து வரக் கூடாது. ஆயிரத்தில் பாதி மீதமாகும்.

கூடவே எண் ஆட்டம் ஒன்று வேண்டுமென்றால் நூறு கட்டப் பரமபதத்துக்குப் போகாதீர்கள். நான்கு வயதுக்கு அது முடிவே இல்லாத சாலை. வரிக்கு வரி திசை மாறுவது வேறு குழப்பும். முடியும் தறுவாயில் பெரிய பாம்பு கொத்தினால் அன்று பிறந்தநாள் விழா அழுகையில்தான் முடியும். லூடோவும் வேண்டாம், காய் இறங்க ஆறு விழும்வரை சும்மா உட்கார வைக்கும் ஆட்டம் அது. ஒரு நீள அட்டையில் ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையாகக் கட்டம் போட்டுக் கொடுங்கள், போதும். அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கையாண்டது இப்படிப்பட்ட பலகையைத்தான். ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகள், இரண்டு வாரத்துக்குள் கால் கால் மணி நேரமாக நான்கு முறை ஆடினார்கள். எண்களைப் பற்றிய அவர்களின் புரிதல் தெளிவாக உயர்ந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

அதில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்தில் நிற்கும் காயை இரண்டு கட்டம் நகர்த்தும்போது ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணவிடாதீர்கள். ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லியபடி நகர்த்த வேண்டும். நம் வீடுகளில் எல்லோரும் முதல் விதமாகத்தான் எண்ணுகிறோம், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பகடைக்குப் பதில் ஒருபக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் இரண்டு புள்ளி வைத்த பெரிய அட்டை ஒன்றைச் சுண்டிப் போடுங்கள். காய்க்கு ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலும் சரிதான்.

எல்லோரும் ஒரே கட்சியாக நின்று காகத்துக்கு முன்னால் பழங்களைப் பறித்துவிடும் ஜெர்மன் ஆட்டம் ஒன்று இருக்கிறது, ஹாபா நிறுவனத்தினுடையது. தோற்றால் முகம் வாடும் குழந்தைக்கு அதைவிட நல்லது கிடையாது. இறக்குமதி விலை உங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஐஎஸ்ஐ பற்றி மேலே சொன்னதும் அதற்குப் பொருந்தும்.

பெட்டியைப் பிரிக்காமல் பரிசுத்தாள் சுற்றிவிடாதீர்கள். திறந்து உருளையில் ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். ஈரம் உறிஞ்சும் மணிகள் உள்ள சிறு பையையும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்தெறியுங்கள். அட்டைகளை எண்ணி, மூடியின் உட்பக்கத்தில் ‘மொத்தம் 24’ என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்து அள்ளி வைக்கும்போது உங்கள் தங்கைக்கு அது உதவும். பில்லை அவரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.