சீதனக் காணியில் கை வைக்க வேண்டாம், அண்ணன்

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை அறுவடை வேலையையும் விட்டுவிட்டு, படுவான்கரையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

உங்கள் கேள்வி இரண்டு. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி மருத்துவத்துக்குக் காணாது, மூன்றாம் தரமும் எழுத வைப்பதா? இல்லாவிட்டால் மகளின் சீதனத்துக்கென்று வைத்திருக்கிற காணியை விற்று, ஏஜென்ட் சொல்கிற வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதா? நீங்கள் போன் பேச வெளியே போன நேரத்தில் மகள் மூன்றாவது கேள்வி ஒன்று கேட்டாள். "சேர், மூளையில செத்த நரம்பத் திரும்ப முளைக்க வைக்கப் பார்க்கிற ஆக்கள் என்ன படிச்சவங்க?"

அம்மம்மா பாரிசவாதத்தில் விழுந்த நாளிலிருந்து கஞ்சி ஊட்டியதும் கையைப் பிடித்து மடக்கி நீட்டிவிட்டதும் அவள்தான் என்று சொன்னாள். அந்தக் கை ஏன் திரும்ப வரவில்லை என்பதுதான் அவளுடைய மனதில் கிடக்கிறது. டொக்டராக வேண்டும் என்று என்னிடம் வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். இப்படி ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே அவளுடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

இத்தாலியில் ரீற்றா லெவி-மொன்தால்சினி என்று ஒரு பெண். பெண்பிள்ளைக்கு மேல்படிப்பு எதற்கு என்று தகப்பன் தடுத்தும், கேட்டு வாங்கி மருத்துவம் படித்து 1936இல் பட்டம் பெற்றார். 1938இல் வந்த இனச் சட்டங்கள் யூதர் என்பதற்காக அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் தன் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். கருவி என்று இருந்தது தீட்டிக் கூராக்கிய தையல் ஊசி. பரிசோதனைப் பொருள் கோழி முட்டை.

இது மகளுக்கு உடனே விளங்கும். அடைக்கு வைத்த முட்டையை நாலாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பாள். சிலந்திவலை மாதிரிச் சிவப்பு இரத்தக் குழாய்கள் ஓடும், நடுவில் ஒரு பொட்டு அசையும். அந்த முளையத்தில் நரம்புக்கலங்கள் எப்படி வளர்கின்றன, எப்போது சாகின்றன என்பதைத்தான் போர்க்காலத்தில் அவர் அந்த அறைக்குள் இருந்து பார்த்தார். பிறகு அமெரிக்கா போனார். 1952இல் பிரேசிலில், எலியின் கட்டியொன்றின் துண்டுக்குப் பக்கத்தில் வைத்த நரம்புத் துண்டிலிருந்து இழைகள் ஒளிவட்டம்போலச் சுற்றிவர முளைத்ததைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து நரம்பை வளர்க்கிறது என்று பிடிபட்டது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க அவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார். அவர் ஸ்டான்லி கோஹன். அண்ணன், இந்த மனிதரைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தையற்காரர் ஒருவரின் மகன். கட்டணம் வாங்காத கல்லூரியில் உயிரியலும் இரசாயனவியலும் படித்தார். மேலே படிக்கக் காசு சேர்க்கப் பால் பதனிடும் இடமொன்றில் வேலை செய்தார். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது மண்புழு. பல்கலைக்கழக வளவில் இரவிரவாக 5,000க்கு மேல் மண்புழு பிடித்தாராம். அவர் டொக்டர் அல்ல, உயிரிரசாயனவியலாளர். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றியபோது அவை வழமையை விடப் பல நாள் முந்திக் கண் திறந்ததைக் கண்டு, மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்ற இன்னொன்றையும் கண்டுபிடித்தார். 1986இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

அதோடு முடியவில்லை. 1992இல் கனடாவின் கல்கரியில் பிரென்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் சாமுவேல் வைஸும் வளர்ந்த எலியின் மூளையிலிருந்து கலங்களை எடுத்து, கோஹன் கண்டுபிடித்த அதே மேற்றோல் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து வளர்த்தார்கள். அவை பெருகி உருண்டை உருண்டையாக மிதந்தன. அவற்றிலிருந்து புதிய நரம்புக்கலங்களும் வந்தன. வளர்ந்த மூளைக்குள்ளும் நரம்பு மூலக்கலங்கள், அதாவது பெருகிப் புதிய நரம்புக்கலங்களைத் தரக்கூடிய கலங்கள், இருக்கின்றன என்பது அப்படித்தான் உறுதியானது.

மனிதரில் எப்படி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பெரியவர்களின் மூளையிலும் புதிய நரம்புக்கலங்கள் பிறக்கின்றன என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. வளர்ந்தவர்களில் அப்படி எதையும் காணவில்லை என்று 2018இல் இன்னோர் ஆய்வு சொன்னது. உங்கள் மகள் போய்ச் சேரும்போதும் அங்கே வேலை இருக்கும்.

இதை எழுதும்போதே ஒன்று. மூலக்கலம் ஏற்றி அம்மம்மாவின் கையைச் சரியாக்கலாம் என்று யாராவது இலட்சக்கணக்கில் காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பாரிசவாதத்துக்கு அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. முறையான ஆராய்ச்சியில் சேர்ப்பவர்கள் பொதுவாக நோயாளியிடம் அப்படிக் காசு வாங்குவதில்லை.

சரி, இனி வழி. மகள் இரண்டு தரம் எழுதிவிட்டாள், புள்ளி பெரிதாக அசையவில்லை. மூன்றாம் தரம் வேண்டாம் என்பதே என் எண்ணம். முன்பொரு பிள்ளையை நானே மூன்றாம் தரம் எழுதச் சொன்னேன். ஒரு வருடமும் போய், அவளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையும் போனது. அது இன்றும் என் மனதை அறுக்கிறது.

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் இந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. மகளின் புள்ளிக்கு உயிரியல் விஞ்ஞானம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் எல்லாவற்றையும் போடுங்கள். நம் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் விடாதீர்கள். மூலக்கூற்று உயிரியல், உயிரிரசாயனவியல் பக்கம் போகக்கூடியவற்றை விருப்ப ஒழுங்கில் மேலே போட வேண்டும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்கக் கூடாது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம்தான் வேண்டும், ஏனென்றால் கடைசி வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய விடுவார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அப்புறம் கலாநிதிப் படிப்பு. இதற்கு அநேகமாக வெளிநாடு போக வேண்டிவரும். ஆனால் காணி விற்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் கலாநிதிப் படிப்புக்குச் சேர்த்தால் பொதுவாகக் கட்டணமும் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். ஜப்பான் அரசாங்கப் புலமைப்பரிசிலில் கட்டணம், செலவுப் பணம், விமானச் சீட்டு எல்லாம் அடங்கும். ஏஜென்ட் சொன்ன மருத்துவப் படிப்பில் செலவு முழுவதும் உங்கள் தலையில். அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்கவும் வேண்டும், திரும்பி வந்து இங்கே இன்னொரு பரீட்சையும் எழுத வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன், இது நீண்ட பாதை. பட்டத்துக்கு நான்கு வருடம், கலாநிதிக்கு ஐந்தாறு வருடம், அதற்கு மேலும் இன்னொருவரின் ஆய்வுகூடத்தில் சில வருடம். நிரந்தர வேலை என்று உட்கார முப்பத்திரண்டு, முப்பத்தைந்து வயதாகலாம். கலியாணம் என்னாகும் என்று அண்ணி கேட்பார். இந்தத் துறையில் பல பெண்கள் படிப்புக்கு நடுவிலேயே கலியாணம் செய்து, பிள்ளையும் பெற்றிருக்கிறார்கள். அதை மகளோடு மனம்விட்டுப் பேசித் தீர்மானியுங்கள். நடுவில் நின்றாலும் கையில் இருக்கிற பட்டம் வீணாகாது. பாடசாலை, தனியார் ஆய்வுகூடம், உணவு, மருந்துக் கம்பனிகளின் தரக்கட்டுப்பாடு என்று வேலைக்குப் போகலாம்.

மகளுக்கு ஒரு வார்த்தை. மகள், அந்த ஆய்வுகூட வேலை பெரும்பாலும் பொறுமை வேலை. கலங்களை 37 பாகையில், 5 வீதக் காபனீரொட்சைட்டில் வைத்திருப்பார்கள். வளர்ப்பூடகம், அதாவது கலங்கள் வளர்கிற உணவுத் திரவம், சிவப்பாக இருக்கும். கலங்கள் தின்று கழிக்கக் கழிக்க மஞ்சளாகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், பொங்கலோ போயாவோ அதற்குத் தெரியாது. கை சுத்தமில்லாமல் ஒருதரம் பங்கசு பிடித்தால் ஒரு மாத வேலையைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். அம்மம்மாவின் கையை விடாமல் நாளுக்கு நாள் மடக்கி நீட்டியவளுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. உனக்குக் குறைவது ஆங்கிலம்தான். தமிழில் படித்த உயிரியலை அங்கே ஆங்கிலத்தில் எழுத வேண்டிவரும். கெம்பஸ் தொடங்கும்வரை காத்திருக்கிற மாதங்களில், நாளுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் அகராதியோடு வாசி. முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அண்ணன், பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். விருப்ப ஒழுங்கை மூன்று பேரும் இருந்து நிரப்புவோம். அதுவரைக்கும் ஏஜென்டிடம் முற்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.