‘பெண்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்’: டெக் லீட் பதவிக்காக வழக்குப் போட முடியுமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் டீமில் 22 பேர். பெண்கள் 3 பேர்தான். டெக் லீட் இடம் காலியானதும், ‘பெண்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்’ என்று ஹெச்.ஆர். மெயில் அனுப்பிவிட்டார்கள். என் ரேட்டிங் நன்றாக இருந்தும் விண்ணப்பிக்கவே வழியில்லை. இது சமத்துவ உரிமையை மீறுவதுதானே? ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: ரிட் நிற்காது. சமத்துவத்தையும் அரசு வேலையில் சம வாய்ப்பையும் சொல்லும் அரசியலமைப்பின் 14, 16-ஆம் பிரிவுகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும். அரசு வேலையிலேயே பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம் என்று, பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(3)-ஐ வைத்து, பி.பி. விஜயகுமார் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் ஐ.டி. கம்பெனியில் பெண்கள் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. குறிப்பிட்ட சில கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்பதோடு கம்பெனிகள் சட்டம் நின்றுவிடுகிறது. ஆக, இது உங்கள் நிர்வாகம் தானாக எடுத்த முடிவு.

அப்படி எடுக்கலாமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1976-ஆம் வருட சம ஊதியச் சட்டம், வேலைக்கு எடுக்கும்போது ‘பெண்களுக்கு எதிராக’ பாகுபாடு கூடாது என்றது. அதைக் காட்டி ஓர் ஆண் வழக்காட முடியாது. அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருப்பது ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019. அதன் 3-ஆம் பிரிவு ‘பாலின அடிப்படையில்’ பாகுபாடு கூடாது என்கிறது. எழுத்தை எழுத்தாகப் படித்தால் ஆணுக்கும் பொருந்தும்.

ஆனால் அது பேசுவது வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றி. பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றை 1987-ல் திருத்தம் செய்து பழைய சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். புதியதில் அந்த வார்த்தைகளைக் காணோம். (இதில் உங்களைவிட, அப்ரைசலில் ஓரங்கட்டப்படும் பெண்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.) எனவே அந்த மெயிலை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஐ.ஜே.பி. (இன்டர்னல் ஜாப் போஸ்டிங்) என்று கம்பெனி ஊழியர்களுக்கு மட்டும் விட்டிருந்தால் அது பதவி உயர்வு. 3-ஆம் பிரிவு கைகொடுப்பது கடினம். வெளியாட்களுக்கும் திறந்துவிட்டிருந்தால் உங்களுக்கு ஒரு வாதம் உண்டு. 22-க்கு 3 என்ற கணக்கைச் சரிசெய்யத்தான் இந்த ஏற்பாடு என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதையும் நீதிபதி லேசில் தள்ளிவிட மாட்டார்.

ஜெயித்தாலும் என்ன கிடைக்கும்? இந்த மாதிரி மீறலுக்குத் தொகுப்பில் உள்ள அபராதம் அதிகபட்சம் 20,000 ரூபாய். நாற்காலி உங்களுக்கு வராது. என் கட்சிக்காரராக வந்திருந்தால் வழக்கு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

அடுத்த லீட் இடங்கள் எல்லோருக்கும் திறந்திருக்குமா, தேர்வு அளவுகோல் என்ன என்று ஹெச்.ஆரிடம் மெயிலிலேயே கேளுங்கள். வாய்மொழிப் பதில் எதற்கும் உதவாது. தேர்வாகும் பெண்ணின் பெயரை அதில் இழுக்காதீர்கள், அவர் உங்கள் எதிராளி இல்லை. ‘கோட்டாவில் வந்தவர்’ என்று டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுவைத்தீர்களானால், மெமோ உங்கள் பெயருக்குத்தான் வரும்.