சென்னையிலிருந்து டொராண்டோ: எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், ஜனவரி வகுப்புக்கு வர இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மலிவாக இருக்கிறதே, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

பூமி உருண்டையில் நூல் பிடித்தால் சுமார் 13,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது, அதனால் அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. துபாய் வழியென்றால் முதலில் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அப்புறம் ஒரே மூச்சில் 14. லண்டன் வழியென்றால் முதல் பாதிதான் நீளம். காத்திருப்பதையும் சேர்த்து 22 மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது. எந்த விமானத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் விடுங்கள்.

தனித்தனி டிக்கெட் மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு உங்களைப் பற்றிக் கவலையில்லை. புது டிக்கெட் உங்கள் செலவு. பெட்டியும் பெரும்பாலும் நேராக வராது. நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா கேட்பார்கள். அமெரிக்கா வழி எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள், விமானம் மாறுவதற்கே அங்கே விசா வேண்டும். கனடாவிலேயே உள்ள மொன்றியல் வழி வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், அதனால் ஒரு மணி நேர இடைவெளியை நம்பாதீர்கள். ஸ்டடி பர்மிட்டை, அதாவது இங்கே படிப்பதற்கான அனுமதியை, கனடாவில் முதலில் இறங்கும் இடத்தில்தான் தருவார்கள், ஆகவே கடிதங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஜாக்கெட்டும்தான்.

ஊரில் ஒரு ஏஜென்ட் இப்படி ஒட்டுப்போட்ட டிக்கெட்டைத்தான் என் தலையில் கட்டினார். டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் எல்லோரும் போன பிறகும் பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று, அதுவும் என்னுடையதில்லை. கம்பளி உடுப்பெல்லாம் வராத பெட்டிக்குள். வெளியே மைனஸ் 18. கூப்பிட வருவதாகச் சொன்ன சீனியர் போனை எடுக்கவில்லை. முன்னால் வந்தவர்களில் இரண்டு ரகம் உண்டு: அறிவுரை சொல்கிறவர்கள், வண்டி எடுத்து வருகிறவர்கள். முதல் ரகத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை.

மாமியாரை அழைத்துப்போக வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், "ஏறும் தம்பி, இதில நிண்டு என்ன செய்யிறீர்?" என்று பின்சீட்டில் கிடந்த தன் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. 401 நெடுஞ்சாலையில் ஸ்கார்பரோ வரை அந்த அம்மா, விமானத்தில் ஒரு வாய் சோறு தரவில்லையென்று திட்டிக்கொண்டே வந்தார். இன்று மைனஸ் 10-ல் வெறும் ஸ்வெட்டரோடு குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுகிறேன். அக்டோபரிலேயே நடுங்குகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இப்போது பியர்சனிலிருந்து நகர நடுவிலுள்ள யூனியன் ஸ்டேஷனுக்கு 25 நிமிடத்தில் ரயில் இருக்கிறது, 2015-ல்தான் வந்தது. உங்கள் சீனியர் வருகிறேன் என்று சத்தியமே செய்தாலும் அந்த ரயிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.