குரல் தொடரும்போது முகம் எங்கே போகிறது?

கேள்வி: ஆவணப்படம் என்றால் உள்ளதை உள்ளபடி காட்டுவதுதானே? அதில் பின்னணி இசை, உருக்கமான வர்ணனை, நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகள் எல்லாம் எதற்கு? பார்ப்பவரை ஏமாற்றும் வேலை இல்லையா இது?

பதில்: உள்ளதை உள்ளபடி காட்டிய ஆவணப்படம் என்று ஒன்று இருந்ததே இல்லை. முன்னோடி என்று கொண்டாடப்படும் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் த நார்த்' 1922-இல் வெளிவந்தது; கனடாவின் வடகோடிப் பனிப்பகுதியில் வாழும் இனூயிட் பழங்குடியினரைப் பற்றிய படம் அது. பனிவீட்டின் உட்புறத்தைப் படம்பிடிக்க வெளிச்சம் போதவில்லை என்பதால், ஒரு பக்கம் திறந்த பனிவீடு அதற்கென்றே கட்டப்பட்டது. துப்பாக்கிக்குப் பழகிவிட்ட இனூயிட் வேட்டைக்காரர்கள் படத்துக்காக ஈட்டி ஏந்தினார்கள். நாயகனின் பெயர்கூட நானூக் அல்ல. நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் கலப்படம் ஆவணப்படத்துடன் கூடப்பிறந்தது.

இசையும் வர்ணனையும் எனக்குப் பெரிய அச்சம் தருவதில்லை. வயலின் இழையத் தொடங்கியதும் நம்மை அழச் சொல்கிறார்கள் என்பது எவருக்கும் விளங்கிவிடும். என் கவலையெல்லாம் படத்தொகுப்பைப் பற்றியது. "நான் அங்கே போனேன், ஆனால் வாசலோடு திரும்பிவிட்டேன், சண்டை நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன், அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது" என்று ஒருவர் பேட்டி தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை வெட்டிவிட்டு முதலையும் கடைசியையும் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் அவர் முகம் சட்டென்று ஒரு குதி குதிக்கும். அதை மறைப்பதற்காக, மடியில் பிசைந்துகொண்டிருக்கும் அவருடைய விரல்களை இரண்டு விநாடி காட்டுவார்கள். குரல் மட்டும் அறுபடாமல் ஓடும். வாசலோடு திரும்பியவர் இப்போது சண்டையில் கலந்துகொண்டு வருந்துகிறவராகிவிட்டார். அந்த விரல்கள் வேறேதோ கேள்விக்கு அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது எடுக்கப்பட்டவையாகவும் இருக்கலாம். (இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்குவதற்கும் இதே வழிதான் என்பதால், எல்லா விரல்களையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.)

நடிகர்களை வைத்து எடுப்பதற்கு வருகிறேன். 1976-இல் டாலஸ் நகரில் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றி எரால் மோரிஸ் 1988-இல் எடுத்த 'த தின் ப்ளூ லைன்' படத்தில், அந்தச் சம்பவம் ஒவ்வொருவர் சொன்னதற்கும் ஏற்ப மாற்றி மாற்றி நடித்துக் காட்டப்படுகிறது. உடன் வந்த பெண் காவலர் காரைவிட்டு இறங்கி நின்றாரா, மில்க் ஷேக்குடன் உள்ளேயே உட்கார்ந்திருந்தாரா என்ற ஐயத்தை, காற்றில் மெல்லச் சுழன்று சாலையில் விழும் ஒரு கோப்பை நம் கண்முன் நிறுத்துகிறது. பார்ப்பவர் 'இப்படித்தான் நடந்தது' என்று நம்புவதற்குப் பதிலாக, 'இவற்றில் எது நடந்தது?' என்று கேட்கத் தொடங்குகிறார். அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்த ராண்டல் ஆடம்ஸ் 1989-இல் விடுதலையானதற்கு இந்தப் படம் பெரிதும் காரணமாயிற்று.

டிஸ்னி நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தில் நடிகர் எவரும் இல்லை. லெம்மிங் என்னும் எலிகள் கூட்டங்கூட்டமாகக் கடலில் குதிப்பதாக அதில் வரும் காட்சி, கடற்கரையே இல்லாத, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், வேறிடத்திலிருந்து கொண்டுவந்த எலிகளை ஆற்றில் தள்ளி எடுக்கப்பட்டது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதும் அதற்குக் கிடைத்தது. நடிகர் கூடாது என்ற உங்கள் விதியைப் பிடித்துக்கொண்டால் மோரிஸ் தோற்றுவிடுவார், எலிப்படம் தேறிவிடும்.