ஜெபித்தும் தோற்றால்?

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே 400 மீட்டர் ஓடுகிறவள். 2025 அக்டோபரில், பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆடி இந்தியா ஆஸ்திரேலியாவை ஜெயித்த இரவு, "இயேசுவுக்கு நன்றி, என்னால் தனியாக இதைச் செய்திருக்க முடியாது" என்று அவர் அழுதபோது நாங்கள் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து சேர்ந்து அழுதோம். அதற்குப் பிறகு பயிற்சியில் என் மகளுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. இந்த வருடப் போட்டிகள் எல்லாம் போயின. "நானும்தானே ஜெபித்தேன்? ஆஸ்திரேலியா டீமில் யாரும் ஜெபித்திருக்க மாட்டார்களா?" என்று கேட்கிறாள். பார்க்க வந்த சபைக்காரர் ஒருவர், "விசுவாசம் இன்னும் வேண்டும்மா" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆலயத்துக்கு வர மாட்டேன் என்கிறாள். விசுவாசம் விளையாட்டில் பலம் தரும் என்பதெல்லாம் ஜெயித்தவர்கள் மட்டும் சொல்கிற சாட்சியா ஐயா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்வி நியாயமான கேள்வி. அதை அவள் வாய்விட்டுக் கேட்டது நல்லது. ஆஸ்திரேலிய அணியிலும் ஜெபிக்கிறவர்கள் இருந்திருக்கலாம். ஸ்கோர்போர்டைக் கையில் வைத்துக்கொண்டு கர்த்தர் யார் பக்கம் நின்றார் என்று கணக்குப் பார்க்க முடியாது. ஜெமிமாவும் அப்படிக் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் அன்று பேசியதை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அந்தத் தொடரில் ரன் வராமல், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அணியில் இடமும் இல்லாமல் இருந்தவர். பதற்றம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் செய்து அழுததையும், சக வீராங்கனை அருந்ததி ரெட்டி முன்னால் ஏறக்குறைய தினமும் அழுததையும் அவரே சொன்னார். அணியில் இருந்த ஸ்மிருதியும் ராதாவும் கூட நின்றதைச் சொன்னார். அதாவது, ஜெபம் பண்ணிவிட்டதால் அவருக்கு அழுகை வராமல் இருக்கவில்லை. மனுஷர்களின் தோளும் அவருக்குத் தேவைப்பட்டது. அதைச் சொல்ல அவர் கூச்சப்படவும் இல்லை.

339 ரன் இலக்கைத் துரத்தி ஆட்டமிழக்காமல் 127 எடுத்தார். கடைசிப் பகுதியில் உடம்பு சோர்ந்தபோது, சும்மா நில், தேவன் உனக்காக யுத்தம் பண்ணுவார் என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டே ஆடினேன் என்றார். அது யாத்திராகமம் 14-ஆம் அதிகாரம். முன்னால் கடல், பின்னால் பார்வோனின் ரதங்கள். "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்கிறான் மோசே. நம் வீட்டுச் சுவர் காலண்டர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அடுத்த வசனத்திலேயே கர்த்தர், "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள்" என்கிறார். கடலுக்குள் கால் வைத்து நடக்க வேண்டியது அவர்கள்தான். ஜெமிமாவும் அன்று நிஜமாகவே சும்மா நிற்கவில்லையே, ஒவ்வொரு ரன்னுக்கும் ஓடினாரே! சும்மா இருந்தது அவருக்குள் இருந்த பயம். மூன்று நாள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில் அதே ஜெமிமா எடுத்தது 24. இடையில் அவருடைய விசுவாசம் குறைந்துபோய்விட்டது என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் உங்கள் கேள்விக்கு ஜெயித்த இரவை வைத்து பதில் சொன்னால், நீங்கள் சொல்கிற அதே குறை அதிலும் இருக்கும். அதனால் இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகள் ஓடுகிற அதே 400 மீட்டர்காரர். பிரிட்டனுக்காக ஓடிய எரிக் லிடெல்.

அவர் பாதிக் கதை எல்லாருக்கும் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் ஓட மாட்டேன் என்றார். அவரைப் பற்றி வந்த ஆஸ்கர் படத்தில் கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு இது தெரிய வருகிற மாதிரிக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். ஞாயிறு குறுக்கிட்டதால் தொடர் ஓட்டங்களையும் விட்டார். அந்த மாதங்களில் 200 மீட்டருக்கும் 400 மீட்டருக்கும் பயிற்சி எடுத்தார். முதலில் 200-இல் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11, வெள்ளிக்கிழமை, 400 மீட்டர் இறுதி. அன்று காலை பிரிட்டிஷ் அணியின் மசாஜ்காரர்கள் சார்பில் ஒரு துண்டுச்சீட்டு அவர் கைக்கு வந்தது. "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற சாமுவேலின் வசனம் அதில் இருந்தது. கடைசி வெளி லேன். பின்னால் வருகிறவர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். முதல் 200-ஐ குறுந்தூர ஓட்டம் மாதிரியே 22.2 வினாடியில் ஓடினார். இப்படி ஆரம்பித்தால் கடைசி நேர்கோட்டில் கால் கட்டிப்போகும் என்று 400 ஓடுகிற எவருக்கும் தெரியும், உங்கள் மகளுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். அவர் அப்படியே ஓடி 47.6-இல் முடித்தார். உலக சாதனை.

நம் பிரசங்கங்களில் கதை இங்கேயே முடிந்துவிடும். ஞாயிறை விட்டுக்கொடுத்தார், கர்த்தர் தங்கம் கொடுத்தார், ஆமென். எனக்கு இது பெரிய மனக்குறை. ஏனென்றால் லிடெல் அதற்குப் பிறகு இன்னும் 20 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். உங்கள் மகளுக்குத் தேவைப்படுகிற லிடெல் அந்த வருடங்களில்தான் இருக்கிறார்.

அடுத்த ஆண்டே, 1925-இல், அவர் சீனாவுக்குப் போனார். அங்கே தியான்ஜினில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான். ஒரு கல்லூரியில் அறிவியலும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார், பிறகு போர் நடந்துகொண்டிருந்த கிராமப் பகுதிக்குப் போனார். 1941-இல் நிலைமை மோசமானபோது கர்ப்பிணி மனைவி ஃபிளாரன்ஸையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் அங்கேயே இருந்தார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள்.

ஒரு பழைய மிஷன் வளாகம். உள்ளே ஆயிரத்து ஐந்நூறு பேருக்குக் குறையாத கூட்டம். வியாபாரிகள், பாதிரிமார், கன்னியாஸ்திரிகள், அப்புறம் பெற்றோர் வேறெங்கோ இருக்க, பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பிடித்துவரப்பட்ட பிள்ளைகள். எரிக் அங்கே அந்தப் பிள்ளைகளுக்கு அங்கிள் ஆனார். வேதியியல் பாடம் நடத்தக் கருவிகள் கிடையாது, அதனால் கருவிகளைத் தாளில் படமாக வரைந்து சொல்லிக்கொடுத்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணியைக் கிழித்து இறுகக் கட்டிச் சரிசெய்தார்.

அங்கே நடந்த ஒன்றை முகாமில் இருந்தவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டு கூடாது என்பது அங்கும் ஒழுங்கு. வாரம் முழுக்க அடைந்து கிடக்கும் இளசுகள் ஒரு ஞாயிறு தாங்களாகவே ஹாக்கி ஆடத் தொடங்கிவிட்டார்கள். நடுவர் இல்லாத ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு நடுவராக மைதானத்துக்கு வந்தவர் எரிக் லிடெல். ஒலிம்பிக் தங்கத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர், அடிதடி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதினார். எனக்கு அந்தத் தங்கத்தைவிட இது பெரிது. அவர் பாரிஸில் ஓடாமல் இருந்தது மேலே இருந்து ஏதோ வாங்குவதற்கான பேரம் என்றால், இங்கே இப்படி நடந்திருக்க முடியாது. தனக்குக் கிடைக்கப்போவது எது என்ற கணக்கு இரண்டு இடத்திலும் அவரிடம் இல்லை.

விசுவாசம் விளையாட்டில் தருகிற பலம் என்று நான் நினைப்பது இதைத்தான். ஜெயித்தால்தான் நான் யாரோ, தோற்றால் நான் ஒன்றுமில்லை என்ற பயத்திலிருந்து அது ஆளை வெளியே எடுத்துவிடுகிறது. அந்தப் பயம் இல்லாதவர் வெளி லேனில் நின்றாலும் முழு மூச்சாக ஓடலாம், ஓட முடியாத நாளிலும் உடைந்து சிதறாமல் இருக்கலாம். விளையாட்டுக்காரர்கள் ஷூவில் எழுதிக்கொள்கிற வசனம் ஒன்று உண்டு: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." பவுல் அதை எழுதியது கட்டுண்டு கிடந்த காவலிலிருந்து. அதற்கு முந்தின வசனத்தில் தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார், பட்டினி கிடக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். எல்லாம் என்று அவர் சொன்னதில் கோப்பை மட்டும் இல்லை, பட்டினியும் இருக்கிறது.

சரி, "விசுவாசம் இன்னும் வேண்டும்" என்று சொன்ன அந்தச் சபைக்காரருக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அடிபட்டுப் படுத்திருக்கும் பெண்ணிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. 1944 கடைசியிலும் 45 தொடக்கத்திலும் லிடெலுக்குத் தலைவலி கடுமையாகி, மனமும் சோர்ந்துபோனது. அதிக வேலையால் நரம்புத் தளர்ச்சி என்றுதான் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் அதையே எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் ஒரு நண்பரிடம், இதையெல்லாம் கர்த்தர்மேல் வைத்துவிட்டு நான் உடையாமல் இருந்திருக்க வேண்டுமே, அது ஒன்றுதான் என்னை வருத்துகிறது என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். உங்கள் சபைக்காரர் உங்கள் மகளிடம் சொன்ன அதே வார்த்தையை லிடெல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். 1945 பிப்ரவரி 21 அன்று இறந்தார், வயது 43. இறந்த பிறகுதான் தெரிந்தது, மூளையில் கட்டி. விசுவாசத்துக்கும் அந்தக் கட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் மகளின் முழங்காலுக்கும் அப்படித்தான். வேகமாகத் திரும்பும்போது, தப்பாகக் கால் ஊன்றும்போது லிகமென்ட் கிழியும். அது உடம்பின் கணக்கு.

அந்த முகாமுக்கு விடுதலை வந்தது ஆகஸ்டில். ஆறு மாதம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கே எத்தனை பேர் அவர் பிழைக்க ஜெபித்திருப்பார்கள்! இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் அவர் அங்கே விட்டுப்போனது ஒன்று தெரியும். உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள், உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்ற மலைப்பிரசங்க வார்த்தையை வைத்து, காவல் நிற்கும் ஜப்பானியருக்காக ஜெபிக்க முகாம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஸ்டீபன் மெட்காஃப் என்ற பையனுக்கு, சாவதற்குச் சில வாரம் முன்பு, குளிர்காலத்தில், தன் பழைய ஓட்டக் காலணிகளைக் கொடுத்தார். தேய்ந்து, ஒட்டுப்போட்ட காலணிகள். அந்தப் பையன் போருக்குப் பிறகு ஜப்பானுக்கே மிஷனரியாகப் போய்ப் பல வருடம் அங்கே ஊழியம் செய்தார்.

உங்கள் மகளை ஆலயத்துக்கு வா என்று இப்போது நெருக்காதீர்கள். கோபத்தோடு கர்த்தரிடம் பேசுகிறவர்கள் சங்கீதப் புத்தகம் முழுக்க இருக்கிறார்கள், அவளும் பேசட்டும். பிசியோதெரபியை ஒரு நாளும் விட விடாதீர்கள், மாடிப்படி ஏறுகிற நாளில் கூட நில்லுங்கள். இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி போட்டியில் ஓட ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். அவசரப்பட்டுக் களத்தில் இறங்கினால் மறுபடி கிழியலாம், அதை டாக்டர் சொல்கிறபடி கேட்கட்டும். அவளுக்கும் ஒரு அருந்ததி தேவை. கூட ஓடுகிற பெண்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், வேதம் வாசிக்க வேண்டாம், சும்மா வந்து பேசிக்கொண்டிருக்கட்டும். அந்தச் சபைக்காரர் மறுபடி வந்தால் வாசலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: அண்ணாச்சி, பிள்ளைக்கு இப்போது புத்திமதி வேண்டாம், ஜெபம் பண்ணுவதென்றால் உள்ளே வாங்க.

அன்புடன்.