சித்தப்பாவை ஏன் யாரும் கைது செய்யவில்லை?

கேள்வி: இரவு ஒன்பது மணித் தொடரை எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் பார்ப்போம். சொத்துக்காகக் கதாநாயகியின் தம்பியைத் திட்டமிட்டுக் கொன்ற கொழுந்தனின் வழக்கு சென்ற வாரம் முடிந்தது. தீர்ப்புக்குச் சற்று முன் அவனுடைய அண்ணி எழுந்து, எட்டு வயதில் சித்தப்பா அவனிடம் தவறாக நடந்துகொண்டதைச் சொல்லி அழுதாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ‘இவனும் பாதிக்கப்பட்டவனே’ என்று ஏழாண்டுச் சிறை மட்டும் கொடுத்தார். என் மாமியார், ‘பாவம்டி அந்தப் பிள்ளை’ என்று அழுதார். என் கணவர், ‘இதெல்லாம் சாக்கு, தூக்கில் போடணும்’ என்றார். என்னால் இரண்டையும் சொல்ல முடியவில்லை. ஒன்பது வயதில் உறவினர் ஒருவரால் எனக்கும் அப்படி நேர்ந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் யாரையும் கொல்லவில்லையே! சிறு வயதுக் கொடுமையைக் காட்டித் தண்டனையைக் குறைப்பது சரியா? தொடர்களில் இப்படிக் காட்டலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் முன்னால், ‘நான் யாரையும் கொல்லவில்லையே’ என்ற வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையான பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினார்கள். அவர்களில் சரிபாதிக்குச் சற்று அதிகமானவர்கள் ஆண் பிள்ளைகள். அந்தக் கொடுமைக்கு ஆளானவர்கள் எல்லாம் கொலைகாரர்களாக ஆவார்கள் என்றால் இந்த நாட்டின் சிறைகளில் நிற்கவும் இடம் இருக்காது. ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர், யாரிடமும் சொல்லாமலும் யாரையும் காயப்படுத்தாமலும், உங்களைப் போலவே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்தன் பாத்திரத்தையும் உங்களையும் ஒரே தட்டில் வைத்தது அந்தத் தொடரின் கதை இலாகாதான். அதற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதனால் உங்கள் கணவர் சொன்னதுதான் சரி என்றும் ஆகிவிடாது. கொடுமைக்கு ஆளான பலர் தவறு செய்யவில்லை என்ற உண்மை, தவறு செய்த ஒருவனின் பழைய வாழ்வைத் திரும்பியே பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணமாக முடியாது. நம் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஒருவர் குற்றவாளி என்று முடிவான பிறகு, என்ன தண்டனை என்பது குறித்து அவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று 235-ஆம் பிரிவில் விதித்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்த விதி இருக்கிறது. மரண தண்டனை பற்றிய 1980-ஆம் ஆண்டின் பச்சன் சிங் வழக்கில், குற்றத்தை மட்டுமல்லாமல் குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

சட்டம் சொல்வது ஒன்று, செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடப்பது வேறொன்று. ‘தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று கேட்டதும் கூண்டில் நிற்பவர் வழக்கமாகச் சொல்வது, ‘வயதான தாய் இருக்கிறார், சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், என்னை விட்டால் சம்பாதிக்க ஆள் இல்லை, குறைந்த தண்டனை கொடுங்கள் ஐயா’ என்பதுதான். தீர்ப்பில் அது இரண்டு வரியாகப் பதிவாகும். அன்று மாலையே தண்டனையும் அறிவிக்கப்பட்டுவிடும். எட்டு வயதில் தனக்கு என்ன நடந்தது என்பதை, காவலர்களும் சொந்தக்காரர்களும் நிற்கும் அந்த அறையில், அந்த ஐந்து நிமிடத்தில், எந்த ஆண்பிள்ளை சொல்வான்? இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் மத்தியப் பிரதேசக் கொலை வழக்கு ஒன்றில், மரண தண்டனை கோரப்படும் வழக்குகளில் குற்றவாளியின் மனநல மதிப்பீடு, இளமைக்காலக் குடும்பச் சூழல், அதில் வன்முறையோ புறக்கணிப்போ இருந்ததா என்ற விவரம், சிறையில் அவர் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைத் திரட்டி நீதிபதியின் முன் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கண்ணீர் விட்டால் போதும் என்று அது சொல்லவில்லை. ஆவணமும் அறிக்கையும் வேண்டும். அவற்றை அரசுத் தரப்பு மறுக்கவும் வாய்ப்பு வேண்டும். உங்கள் தொடரில் அண்ணி சொன்னதை யாராவது குறுக்கு விசாரணை செய்தார்களா? அவளுக்கு அது எப்படித் தெரியும் என்றாவது கேட்டார்களா?

ஏழாண்டு என்ற கணக்குக்கும் சட்டத்தில் இடமில்லை. திட்டமிட்ட கொலை என்று முடிவானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவின்படி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302) மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்ற இரண்டே வழிகள்தான் நீதிபதிக்கு உண்டு. சிறு வயதுக் கொடுமை அங்கே செய்யக்கூடியது, தூக்குக் கயிற்றிலிருந்து ஆயுள் சிறைக்கு இறக்கிவிடுவது மட்டுமே. அடிதடி, திருட்டு, கொலை முயற்சி போன்ற வழக்குகளில் தண்டனையை ஏற்றவும் இறக்கவும் நீதிபதிக்கு இடம் அதிகம். அங்கே அது நிஜமாகவே எடைபோடப்படலாம். நம் கதாசிரியர்களுக்குக் கொலைக்குக் குறைந்த குற்றம் எதுவும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியானால் பட்ட துன்பம் கொலையின் தன்மையையே மாற்றும் நிலை எப்போதுமே வராதா என்றால், வரும். கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் இறக்கத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம், சட்டப் புத்தகத்தில் ‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்’ என்ற விதிவிலக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தாலும், நீண்ட நாள் தொடர்ந்த கொடுமையும் ஒருவரை அந்த எல்லைக்குத் தள்ளக்கூடும் என்று ஏற்றுக்கொண்டு, கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று குறைத்தது. ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளின் பெயராலேயே அந்தத் தாயின் மனநிலையை அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. அங்கே துன்பத்துக்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி இல்லை. கொடுமை நடந்துகொண்டே இருந்தது, அவள் அதற்குள்ளேயே இருந்தாள். உங்கள் தொடரின் கொழுந்தனோ, எட்டு வயதில் சித்தப்பாவால் துன்பப்பட்டு, முப்பது வயதில், அந்தச் சித்தப்பாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இளைஞனை, சொத்துப் பத்திரத்துக்காக, முன்கூட்டியே ஆள் வைத்துக் கொன்றிருக்கிறான். பட்ட காயத்திலிருந்து செய்த குற்றம்வரை ஒரு கோடு போட முடிகிறதா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. போட முடிந்தால் தண்டனை குறையட்டும். போட முடியாவிட்டால், அவன் எப்படிப்பட்டவனாக வளர்ந்தான் என்பதை நாம் தெரிந்துகொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். செத்துப்போன தம்பியின் கணக்கிலிருந்து அதற்காக எதையும் கழிக்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2013-இல் பக்மி என்ற பூர்வகுடி இளைஞரின் வழக்கில், குடியும் வன்முறையும் சூழ்ந்த குழந்தைப் பருவத்தின் பாதிப்பு வயது ஏறுவதால் தேய்ந்துவிடாது, எத்தனை முறை சிறைக்கு வந்தாலும் அதற்கு உரிய எடையைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அதே தீர்ப்பு, அந்தப் பாதிப்பால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாதவராக ஒருவர் ஆகியிருந்தால், அவரிடமிருந்து சமூகத்தைக் காக்க வேண்டிய தேவையும் கூடிவிடுகிறது என்றும் சொன்னது. ஆக, பழைய கொடுமை என்ற ஒரே உண்மை, பழியைக் குறைக்கச் சொல்லும். ஆளை வெளியே விடத் தயங்கவும் சொல்லும். உங்கள் மாமியாரும் கணவரும் சோபாவின் இரு முனைகளில் உட்கார்ந்து சொன்ன இரண்டும் ஒரே நீதிபதியின் மனத்துக்குள் மோதிக்கொள்ளும் இந்த நிலையை நம் தொடர்கள் தொடுவதே இல்லை. நல்ல எழுத்தாளருக்கு இதில் இரண்டு மாத எபிசோடுகள் கிடைக்கும்.

தொடர்களில் காட்டலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், காட்டத்தான் வேண்டும் என்பதே. இங்கிலாந்தின் சேனல் 4 தொலைக்காட்சியில் ‘புரூக்சைட்’ என்று லிவர்பூல் நகரத்துத் தொடர் ஒன்று வந்தது. அதில் மூத்த மகள் பெத்தைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கி, மனைவி மாண்டியை அடித்து நொறுக்கிய ட்ரெவர் ஜோர்டாஷை, 1993-இல் தாயும் மகளுமாகக் கொன்று வீட்டின் பின்புறத் தளத்துக்கு அடியில் புதைத்துவிடுவார்கள். 1995-இல் பிணம் அகப்பட்டு வழக்கு நடந்தது. பார்வையாளர்கள் அனைவரும் அவர்கள் பக்கம் இருந்தார்கள். இருவரையும் விடுதலை செய்திருந்தால் கைதட்டல் நிச்சயம். எழுதியவர்கள் அதைச் செய்யவில்லை. இருவரையும் சிறைக்கு அனுப்பினார்கள். பெத் சிறையிலேயே இறந்துபோகிறாள், தாய் மேல்முறையீட்டில் வெளியே வருகிறாள். கற்பனைப் பெண்கள் இருவருக்காக நிஜ மனிதர்கள் பதாகை பிடித்தார்கள். அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆத்திரமூட்டப்பட்டுக் கொன்றதாக வாதிட்டால், அந்த ஆத்திரம் ‘திடீரென’ வந்ததாக இருக்க வேண்டும் என்று அன்றைய இங்கிலாந்துச் சட்டம் கேட்டது; ஆண்டுக்கணக்கில் அடிபட்டு, அஞ்சி, ஒரு நாள் கத்தியை எடுத்த பெண்ணுக்கு அந்த அளவுகோல் பொருந்தவில்லை. அந்தச் சொல்லை நீக்கிய சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடர் சட்டத்தை மாற்றிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை, சட்டமே படிக்காத வீடுகளுக்கும் அது காட்டியது.

உங்கள் தொடர் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்தக் கொழுந்தனுக்கு நானூறு எபிசோடு வரை குழந்தைப் பருவமே கிடையாது. சட்டையில் கறுப்பு, கண்ணில் மை, பின்னணியில் உறுமல் இசை என்று வில்லனாகவே இருந்தான். நடிகருக்கு ரசிகர்கள் சேர்ந்த பிறகு, அவரைத் தொடரில் நிறுத்திவைக்க ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். அதற்காக ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நீங்கள் அதைப் பார்த்து வாயடைத்துப்போனதில் வியப்பில்லை.

இதைவிட மோசமான ஒன்றை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அண்ணி நீதிமன்றத்தில் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டிய அந்தச் சித்தப்பா, தீர்ப்பு நாளன்று மூன்றாவது வரிசையில்தானே உட்கார்ந்திருந்தார்? நீதிபதி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவலர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நிஜத்தில் இப்படி ஒரு செய்தி வெளிவந்தால் விசாரணையை அங்கிருந்து தொடங்க வேண்டும். 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கும் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. கொழுந்தனுக்கு நேர்ந்தது அதற்கு முந்தைய காலமாக இருந்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் இருக்கின்றன. கொடுமைக்கு ஆளானவனின் தண்டனையை அளக்க அந்தக் கொடுமை உதவியது. கொடுமை செய்தவரை அது தொடவே இல்லை. உங்கள் மாமியார் ‘பாவம்’ என்றதும் கணவர் ‘சாக்கு’ என்றதும் அந்தப் பையனைப் பற்றித்தான். சித்தப்பாவைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. அடுத்த முறை பேச்சு எழுந்தால், உங்களைப் பற்றி எதுவும் சொல்லாமலே, ‘அந்த ஆளை ஏன் பிடிக்கவில்லை?’ என்று மட்டும் நீங்கள் கேட்கலாம். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதிலிருந்து, உங்கள் விஷயத்தை யாரிடம் எப்போது சொல்லலாம், சொல்லத்தான் வேண்டுமா என்பதும் உங்களுக்குப் புலப்படலாம். சொல்லியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன்.

உங்களுக்கு நேர்ந்தது போக்சோ சட்டத்துக்கு வெகு காலம் முந்தையதாக இருந்தால், இன்று வழக்குத் தொடுக்க முடியுமா என்பது நடந்தது என்ன என்பதைப் பொறுத்தது. மூன்றாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. அதற்குக் குறைந்தவற்றுக்கு உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்; ஆலோசனை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் தவறில்லை. அந்த உறவினர் இன்றும் உயிரோடு இருந்து, விசேஷங்களுக்கு வந்து போய், வீட்டுப் பிள்ளைகளோடு தனியாக இருக்க வாய்ப்புள்ளவராக இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.