பிரித்துப் பூட்டிய பிறகும் வோக்ஸ்வேகன் இஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறதே, என்ன செய்யலாம்?

பீட்டிலின் 1600 சிசி இஞ்சினை முழுசாகப் பிரித்து, புது கேஸ்கெட் செட் போட்டு, இடுக்கெல்லாம் சிலிகான் தடவியும் காண்டோ பார்க்கிங்கில் எண்ணெய் சொட்டுகிறது, மேனேஜ்மென்ட் கடிதம் கொடுத்துவிட்டது என்கிறீர்கள். "ஏர்கூல்டு (காற்றால் குளிரும் இஞ்சின்) என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று உங்கள் போமன், அதாவது மெக்கானிக், கையை விரித்துவிட்டார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முறையாகப் பூட்டிய பழைய பீட்டில் இஞ்சின் இங்கே ஒன்று அங்கே ஒன்று என லேசாக வியர்க்கலாம். தரையில் சொட்டக் கூடாது.

சிலிகான் என்று படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிரேங்க்கேஸ் என்பது இஞ்சினின் வெளிக்கூடு. அதன் இரண்டு பாதிகளுக்கு நடுவே கேஸ்கெட்டே கிடையாது, உலோகம் உலோகத்தின் மேல் நேராக உட்கார வேண்டும். அங்கே சிலிகானைப் பிதுக்கினால் வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் போகும். உள்ளே போனது ஒரு நாள் பிய்ந்து விழுந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். அந்த இடத்துக்கு வேண்டியது பெர்மடெக்ஸ் ஏவியேஷன் 3, கியூரில் டி போன்ற, கல்லாக இறுகாத சீலன்ட். இரண்டு முகத்தையும் தின்னரில் துடைத்து, பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு. தொட்டால் விரலில் ஒட்டுகிற பதம் வந்ததும் மூடிவிட வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பழைய பசையை ஸ்குரூடிரைவரால் சுரண்டவும் கூடாது. கேஸ் மெக்னீசியக் கலவை, முகத்தில் விழுகிற ஒரு கீறலே எண்ணெய்க்கு வழி விட்டுவிடும். "முப்பது வருஷமா சிலிகான்தான் போடுறோம்" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது வந்து எழுதுவார்கள். எழுதட்டும்.

பிற்காலக் கேஸ்களில் பாதிகளை இணைக்கும் பெரிய 12 மில்லிமீட்டர் ஸ்டட் (திருகு வரியுள்ள தண்டு) ஆறுக்கும் அடியில் சின்ன ரப்பர் ஓ-ரிங் உட்காரப் பள்ளம் இருக்கும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். பெரிய நட்டுகளைப் படிப்படியாக 34 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவந்து, பிறகு 8 மில்லிமீட்டர் நட்டுகளை 20-க்கு இறுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கிரேங்கை, அதாவது இஞ்சினின் சுழல் தண்டை, கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்தால் நிறுத்திவிடுங்கள், ஏதோ ஒரு பேரிங் அதை நிலைநிறுத்தும் ஊசியில் உட்காரவில்லை.

இனி ஃபிளைவீல் பக்கம், கிரேங்கின் முனையில் இருக்கும் கனமான சக்கரம் அது. கியர்பாக்ஸும் இஞ்சினும் சேரும் இடத்தில் சொட்டினால் எல்லோரும் உடனே ஆயில் சீலைத்தான் குறை சொல்வார்கள். முதலில் சொட்டை முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் எண்ணெய், இஞ்சினைத் திட்டிப் பயனில்லை. இஞ்சின் எண்ணெய்தான் என்றால், ஃபிளைவீலைக் கழற்றியதும் ஈரம் எங்கே என்று பார்க்க வேண்டும். நடு நட்டைச் சுற்றி ஈரம் இருந்தால் ஃபிளைவீலுக்குள் இருக்கும் ஓ-ரிங். சீலைச் சுற்றி இருந்தால் சீல். அதற்குக் கீழே என்றால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) முனையின் மூடி, பக்கவாட்டில் என்றால் எண்ணெய்க் கால்வாயை அடைத்திருக்கும் அலுமினிய மூடி. மூன்றாம் சிலிண்டருக்குப் பின்னால் கேஸ் வெடிப்பு விட்டிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். அதிகச் சூடு கண்ட கேஸில் அது வழக்கமான இடம்.

சீல் புதிதாக இருந்தும் ஒழுகினால், கிரேங்கின் முன்பின் ஆட்டத்தைச் சந்தேகப்படலாம். 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சீலும் ஓ-ரிங்கும் இல்லாமல், இரண்டு ஷிம் (மெல்லிய உலோக வளையம்) மட்டும் போட்டு டயல் கேஜில் அளந்து, கிடைத்த எண்ணிலிருந்து 0.10 கழித்தால் மூன்றாவது ஷிம்மின் கனம் வரும். ஷிம் எப்போதும் மூன்றுதான். ஆட்டம் கூடினால் ஃபிளைவீல் முன்னும் பின்னும் போய் சீலின் உதட்டைத் தின்றுவிடும். சீல் உரசும் கழுத்தில் நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்த சீலும் நிற்காது. நடு நட்டுக்கு ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர். "நல்லா இறுக்கிட்டேன் அண்ணே" என்பது அளவு ஆகாது.

புஷ்ராட் குழாய்களைப் பற்றி ஒரு பாட்டம் எழுதலாம். வால்வைத் தள்ளும் கம்பிகள் இவற்றுக்குள்தான் ஓடும். இருபக்கமும் சுருக்கம் உள்ள இந்தக் குழாய்களை, ஹெட்டை (சிலிண்டரின் தலைப்பகுதியை) பூட்டும் முன் கையால் சமமாக இழுத்து, 190 முதல் 191 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய நீளத்திலேயே போட்டால் சீல் அழுந்தாது, சூடானதும் கசியும். ஒரு பக்கமாக இழுத்தால் சுருக்கம் விரிசல் விடும். குழாயின் தையல் மேலே பார்க்க இருக்கட்டும். நம் மழைக்கு அடியில் துரு ஏறி ஊசித் துளை விழுவதும் உண்டு. ஹெட்டைக் கழற்றாமல் மாட்டுகிற ஸ்பிரிங் குழாய்களை நான் அவசரத்துக்கு மட்டுமே ஒத்துக்கொள்வேன்.

ஆயில் கூலர் சீல் கேஸ்கெட் செட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி வரும், அங்கேதான் சிக்கல். 1969 வரை கேஸில் துளை 8 மில்லிமீட்டர், அதன் பிறகு 10. பழைய கேஸுக்குப் புதிய கூலர் போட்டால் இரண்டுக்கும் பொருந்தும் தனி சீல் வேண்டும். தவறான ஜோடி மாட்டினால் சும்மா நிற்கும்போது ஒழுகாது, ஓட்டும்போது அழுத்தம் ஏறியதும் பீய்ச்சும்.

புல்லி பக்கம் சீலே கிடையாது. எண்ணெயை வீசியெறியும் தட்டும் புல்லிக் கழுத்தில் உள்ள திருகு வரியும்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகின்றன. அங்கே ஒழுகினால் கேஸின் உள் அழுத்தத்தை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் அடைபட்டதா, பிஸ்டன் ரிங் வழியாக அழுத்தம் இறங்குகிறதா, எண்ணெய் மிஞ்சியதா என்று பாருங்கள். இந்த இஞ்சினுக்கு 2.5 லிட்டர்தான். கடையில் வாங்கிய 4 லிட்டர் டின்னில் மிச்சம் எதற்கு என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வார இறுதிக் கூட்டங்களுக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு இஞ்சினைச் சுற்றிய தகரம் முழுசாக இல்லை, ஓரத்து ரப்பர் இல்லை, "மலேசியாவில் எதற்கு" என்று குளிர்காற்றைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் மடல்களும் கழற்றியாயிற்று. மிச்சத் தகரம் குரோம் பூசிப் பளபளக்கிறது. சூடான காற்றையே திரும்ப இழுக்கும் இஞ்சினில் கேஸ் வளையாமல் என்ன செய்யும்? வளைந்த கேஸுக்கு எந்தப் பசையும் போதாது. ஸ்டிக்கருக்குச் செலவழித்த பணத்தில் தகரம் வாங்கியிருக்கலாம்.

இஞ்சினுக்கு அடியில் எண்ணெய்ச் சல்லடையை மூடும் அடித்தட்டின் ஆறு சிறு நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் தட்டு வளையும், ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும். சல்லடையின் இருபக்கமும் கேஸ்கெட், நட்டுக்கு அடியில் புது செம்பு வாஷர். ராக்கர் மூடியின் (ஹெட்டில் வால்வுகளை மறைக்கும் மூடி) கார்க் கேஸ்கெட்டை மூடியோடு மட்டும் ஒட்டி, ஹெட் படும் பக்கம் கிரீஸ் தடவுங்கள்.

உங்கள் வண்டியில் இப்போது செய்ய வேண்டியது: இஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவி, காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஃபேன் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு ஈரத்தின் மேல் முனையைத் தேடுங்கள். குழாய், கூலர், அடித்தட்டு என்றால் தனித்தனியாகத் தீர்க்கலாம். ஃபிளைவீல் பக்கமோ கேஸின் நடு இணைப்போ என்றால் இஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். அப்போது சீலோடு ஓ-ரிங்கையும் மாற்றி, ஆட்டத்தை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். கேஸைப் பிரித்தால் சல்லடையில் எவ்வளவு சிலிகான் என்று போமனிடமே காட்டிவிடலாம்.